பக்கவாட்டுப் பிடி

லைடன் நகரில் மழை மேலிருந்து விழுவதில்லை.
பக்கவாட்டில் வருகிறது,
சைக்கிள் மிதிப்பவளின் காதுக்குள் நேராக.
ஈரக் கையுறையை ரேடியேட்டர்மேல் போட்டுவிட்டு
ரப்பர் வார்க்க உட்காருகிறேன்.

இரண்டு குப்பிகள், சம எடை.
கலக்கினால் கஞ்சிப் பதம்.
வெற்றிடத் தொட்டிக்குள் வைத்ததும்
பால்போலப் பொங்கி எழுந்து
காற்றையெல்லாம் துப்பிவிட்டு
அடங்கும்.
அந்த நான்கு நிமிடம் வேறெங்கும் பார்க்கக் கூடாது.
ஒருமுறை பார்த்தேன்.
மேசை இன்னும் பிசுபிசுக்கிறது.

அச்சுக்குள் பித்தளைக் குச்சிகள்:
பெரிசு, சிறிசு, பெரிசு, சிறிசு.
மறுநாள் உருவி எடுத்தால்
மிஞ்சுவது துளைகள்.
துளைகளைச் சுற்றி,
போனால் போகிறதென்று, கொஞ்சம் ரப்பர்.

"பொருள் ரப்பரில் இல்லை, வீட்ஸ்கே,
ஓட்டையில் இருக்கிறது" என்பான் ஒக்டாய்.
அவனுக்கு இருபத்தாறு வயது, இப்படியெல்லாம் பேசலாம்.
எனக்கு ஐம்பத்திரண்டு.
நான் பிசிறு வெட்டுகிறேன்.

தலையில் அமுக்கினால்
யாருக்கும் இடுப்பு பிதுங்கும்.
இந்தத் தகடு மட்டும்
மூச்சை உள்ளிழுத்துப் போட்டோவுக்கு நிற்பவனைப்போல்
இடுப்பைச் சுருக்கிக்கொள்ளும்.
வட்டத் துளைகள் முட்டைகளாகும்,
ஒன்று நின்றபடி, அடுத்தது படுத்தபடி.
முதல்முறை பார்த்தபோது சிரித்துவிட்டேன்.
முப்பதாவது முறை யாரும் சிரிப்பதில்லை.

அவனுக்கு வேண்டியது
முப்பது தகடுகள், முப்பதிலும் ஒரே கோடு.
எட்டுவரை வந்தது.
ஒன்பதாவதில் கோடு ஏறியது,
ஏறியது,
அமுக்க அமுக்கக் கீழே இறங்கியது.
விட்டபோது
போன வழியில் திரும்பவில்லை.

மூன்று வாரம் தேடினான்.
எடையளவியைத் திருத்தினான்.
ஜெர்மனிக்குப் போன் போட்டான்.
தகட்டின் மூலையில் கடுகளவு குமிழைக் கண்டுபிடித்து
எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டான்.

எனக்குத் தெரியும்.
பக்கவாட்டில் தகட்டைப் பிடித்திருக்கும் திருகை
என் ஸ்வெட்டர் கை இழுத்திருந்தது.
அரைச் சுற்று.
மார்ச் மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது.
நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
துடைத்த இடத்தையே.

வியாழக்கிழமை அவன் கண்ணுக்குக் கீழே
இரண்டு படுத்த முட்டைகள்.
போய்ச் சொன்னேன்.
திருகுக்குள் சிக்கியிருந்த நீல நூலைக் காட்டினேன்.
வைவான் என்று நின்றேன்.
"எத்தனை சுற்று?" என்றான்.

அன்று இரவு கட்டடத்தில் நாங்களும் காவலாளியும்தான்.
கால் சுற்று: கொஞ்சம் இளகியது.
அரைச் சுற்று: பெரிய துளைகள் நிமிர்ந்து நின்றன.
மேலிருந்து அமுக்க,
கொஞ்ச தூரம் பிடிவாதம்,
பிறகு கூட்டத்தோடு கட்சி மாறிப் படுத்தன.
முக்கால்: ஏறும்போது ஒரு முகம்,
இறங்கும்போது வேறு முகம்.
ரப்பர் அதே ரப்பர்.
துளை அதே துளை.
குமிழ் ஒரு குற்றமும் செய்யவில்லை.
எங்கே, எவ்வளவு பிடித்திருக்கிறோம்,
அவ்வளவுதான் கணக்கு.

கட்டுரையின் கடைசியில்
எனக்கும் ஒரு நீல ஸ்வெட்டருக்கும் நன்றி போட்டிருந்தான்.
ஸ்வெட்டரை எடுக்கச் சொல்லிப் பதில் வந்ததாம்.
எடுத்துவிட்டான்.
மார்ச் இன்னும் வரவில்லை.

ஒன்பதாவது தகடு என் கோட்டுப் பையில் இருக்கிறது.
பாலத்தின் சிவப்பு விளக்கில் ஒரு கால் ஊன்றி நிற்கையில்
விலாவில் மோதுகிறது காற்று.
பையில் கைவிட்டு
இரு விரலால் பக்கத்தை நெருக்கி
கட்டைவிரலால் மேலே அழுத்துகிறேன்.
தாங்குகிறது.
தாங்குகிறது.
உள்ளே ஏதோ ஒரு வரிசை
புரண்டு படுக்கிறது.

விளக்கு மாறி நேரமாகிவிட்டது போல.
பின்னால் யாரோ மணி அடிக்கிறார்கள்.